அமெரிக்க வேரிசையின் புது வரவுகளைப் பின்தொடர விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க மக்களின் பழைய மரபுகளிலிருந்து கிளைத்த வேரிசையை (ரூட்ஸ் மியூசிக்) ஆர்வத்தோடு கேட்கத் தொடங்கும் பலர் முதல் மாதத்திலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். ப்ளூஸ், கன்ட்ரி, ப்ளூகிராஸ், ஓல்டு டைம், கிறித்தவ பக்தி இசையான காஸ்பல், லூசியானாவின் கேஜன், ஸைடெகோ, தென் டெக்சஸில் வாழும் மெக்சிகோ வழியினரின் கொன்ஹுன்டோ என்று இதற்குக் கிளைகள் பல. ஒவ்வொரு கிளையிலும் வாரந்தோறும் ஆல்பங்கள் வெளிவருகின்றன, ஆண்டு முழுவதும் விழாக்கள் நடக்கின்றன, பல அமைப்புகள் விருதுகளை அறிவிக்கின்றன. இவை அனைத்தையும் வெறும் பட்டியலாகப் பின்தொடர்ந்தால் பெயர்கள் மட்டுமே மிஞ்சும். பாட்டு மனத்தில் தங்காது.

இந்த இசையில் வெளிவரும் நல்ல புது ஆல்பம் பெரும்பாலும் ஏதோவொரு பழைய பதிவுக்கோ, ஒரு மூத்த கலைஞரிடம் நேரில் உட்கார்ந்து கற்ற பாடத்துக்கோ கடன்பட்டிருக்கும். அந்தக் கடன் யாருக்கு என்று தேடிப் போவதே புது வெளியீடுகளைப் பின்தொடர்வதற்கு மிகச் சிறந்த முறை என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அந்த முறையை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: ஒரு கிளையை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்

குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒரே கிளையில் நில்லுங்கள். எதைத் தேர்வது என்று தெரியாவிட்டால், எந்த வாத்தியத்தின் ஒலி உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்.

தோல் போர்த்திய தந்தி வாத்தியமான பாஞ்சோவின் வேகமும் பல குரல்கள் சேர்ந்து உயரும் பாட்டும் பிடித்திருந்தால் ப்ளூகிராஸ் உங்களுக்குரியது. கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்னும் சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்ரோ, தம் மாநிலத்தின் செல்லப்பெயரைக் கொண்டு தம் குழுவுக்கு ப்ளூ கிராஸ் பாய்ஸ் என்று பெயர் வைத்தார். 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் பாஞ்சோவோடு அக்குழுவில் சேர்ந்தபோதுதான் இன்று நாம் கேட்கும் ப்ளூகிராஸ் முழு உருவம் பெற்றது. மேண்டலினைக் கர்நாடக இசையில் கேட்டுப் பழகிய நமக்கு அது இங்கே செய்யும் வேலை முதலில் வியப்பளிக்கும். மரபான ப்ளூகிராஸ் குழுவில் டிரம்ஸ் கிடையாது என்பதால், தாளத்தின் எதிரடியில் மேண்டலின் தந்திகளை வெட்டினாற்போல் அடித்து அடக்கி, தாள வாத்தியத்தின் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொள்கிறது.

ஓல்டு டைம் இதற்கு மூத்தது. நாட்டியத்துக்காக வாசிக்கப்பட்டு வந்த இந்த இசையில் தனி ஆவர்த்தனம் போன்ற முறை வைப்பு இல்லை. ஃபிடில் எனப்படும் வயலினும் பாஞ்சோவும் ஒரே மெட்டைச் சேர்ந்தே திரும்பத் திரும்ப வாசிக்க, அந்தத் திரும்பலிலேயே கேட்பவர் மெல்ல உள்ளே இழுக்கப்படுகிறார்.

கிட்டார் பிடிக்கும் என்றால் ப்ளூஸுக்குச் செல்லுங்கள். தந்திகளின்மேல் குழாயை வழுக்கி எழுப்பும் மிசிசிப்பி டெல்டாவின் கரகரப்பான ஸ்லைடு வாசிப்பு, கரோலைனா, ஜார்ஜியா பகுதிகளின் பீட்மான்ட் பாணியில் வரும் துல்லியமான விரல் வேலை, தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்களோடு சிகாகோவுக்குச் சென்று மின்சாரம் ஏற்றிக்கொண்ட பாணி என்று இதற்குள்ளேயே பல உலகங்கள் உள்ளன. கமகங்களில் ஊறிய காதுக்கு ஸ்லைடு கிட்டார் அந்நியமாகத் தோன்றாது. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடத்திய வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம், அமெரிக்க ஸ்லைடு கிட்டார் கலைஞர் ராய் கூடரையும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டையும் சேர்ந்து வாசிக்கவைத்து 1993இல் வெளியிட்ட ஆல்பம் கிராமி விருது பெற்றது. 1995இல் அதே நிறுவனம் ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹாலோடு விஸ்வ மோகன் பட்டையும் சித்திரவீணைக் கலைஞர் ரவிகிரணையும் இணைத்துப் பதிவு செய்தது. சித்திரவீணையும் ப்ளூஸும் ஒன்றையொன்று எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதை அறிய விரும்பும் தமிழ்க் கேட்பாளர் இரண்டாவது பதிவை அவசியம் கேட்கவேண்டும்.

அக்கார்டியன் ஒலி பிடித்தவர்களுக்கு லூசியானாவின் பிரெஞ்சு மொழிப் பாடல்களான கேஜனும் ஸைடெகோவும், சான் அன்டோனியோவின் கொன்ஹுன்டோவும் இருக்கின்றன. கொன்ஹுன்டோவின் பெருங்கலைஞரான ஃப்ளாகோ ஹிமேனெஸ் 2025 ஜூலை இறுதியில் தம் 86ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பதிவுகளிலிருந்தே அந்தக் கிளையைத் தொடங்கலாம்.

அமெரிக்கானா என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படும். இந்தக் கிளைகளிலிருந்து எடுத்துக்கொண்டு இன்று புதிதாகப் பாடல் எழுதுவோருக்கான பொதுக்குடை அது. அமெரிக்கானா இசைச் சங்கம் 1999இல் நாஷ்வில்லில் உருவானது. 2010 முதல் சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்குத் தனி கிராமி விருது வழங்கப்படுகிறது. நுழைவதற்கு இது எளிய வாசல்தான். ஆனால் இங்கேயே தங்கிவிட்டால் வேர் கண்ணில் படாமலே போய்விடக்கூடும் என்பதால், ஒரு அமெரிக்கானா ஆல்பம் பிடித்தவுடன் அது எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று பார்த்து அங்கே நகர்ந்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன்.

இரண்டாம் படி: புதியதற்கு முன் சில பழைய பதிவுகள்

புது ஆல்பங்களுக்குச் செல்லுமுன் இரண்டு வாரங்களைப் பழைய பதிவுகளுக்கு ஒதுக்குங்கள். மூன்று இடங்கள் போதும்.

ஒன்று, பிரிஸ்டல் பதிவுகள். 1927 ஜூலை இறுதியில் விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லைக்கோட்டில் அமைந்த பிரிஸ்டல் நகரில் பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ராஜர்ஸும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டனர். கன்ட்ரி இசையின் பெரும்பகுதி இவ்விரு ஊற்றுகளிலிருந்து கிளம்பியது.

இரண்டு, ஹாரி ஸ்மித் தொகுத்து 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க நாட்டுப்புற இசைத் திரட்டு. 1920களின் பிற்பகுதியிலும் 30களின் தொடக்கத்திலும் வணிகத்துக்காகப் பதிவான 84 இசைத்தட்டுகளைக் கதைப்பாடல்கள், கூட்டங்களின் இசை, பாடல்கள் என்று மூன்று பகுதிகளாக அவர் அடுக்கினார். பாடியவர் கறுப்பினத்தவரா வெள்ளையரா என்பதை அவர் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் நிறத்தை வைத்துப் பிரித்து விற்ற இசையை அவர் பக்கம் பக்கமாக வைத்ததால், அவை ஒன்றோடொன்று எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைக் காதாலேயே உணர முடிகிறது. இன்றைய கலைஞர்கள் பாடும் பழம்பாடல்களில் வியக்கத்தக்க அளவு இந்தத் தொகுப்பின் வழியே வந்தவை. ஆகவே ஒரே ஒரு பழைய தொகுப்பைத்தான் கேட்க நேரமுண்டு என்றால் இதையே கேளுங்கள்.

மூன்று, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகச் செய்யப்பட்ட களப்பதிவுகள். 1941இல் அந்த நூலகத்தின் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஒரு பருத்திப் பண்ணையில் வேலை செய்துவந்த மடி வாட்டர்ஸைப் பதிவு செய்தனர். அவர் பின்னாளில் சிகாகோவில் மின்சாரக் கிட்டாரோடு பாடியவற்றை இந்தப் பதிவின் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஒரு கிளை எப்படி வளர்ந்தது என்பது யாரும் விளக்காமலே புரியும்.

மூன்றாம் படி: வெள்ளிக்கிழமைக்கு ஓர் ஒழுங்கு

2015 ஜூலை முதல் உலகெங்கும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையே வெளியாகின்றன. எனவே வாரத்தில் ஒரே ஒரு முறை, வெள்ளி மாலையிலோ சனிக்கிழமையிலோ அரை மணி நேரம் ஒதுக்கினால் போதுமானது. அன்று வந்தவற்றில் இரண்டை மட்டும் எடுத்து முழுமையாகக் கேளுங்கள். ஒலியோடைச் (ஸ்ட்ரீமிங்) சேவைகள் தாமே தொகுத்துத் தரும் பட்டியல்களை நம்பவேண்டாம். அவை பாடல்களை ஆல்பத்திலிருந்து பிய்த்துத் தருகின்றன, யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற விவரத்தையும் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

கலைஞர்களைக் காட்டிலும் வெளியீட்டு நிறுவனங்களைப் பின்தொடர்வது புதியவருக்கு அதிகப் பயன் தரும். நல்ல நிறுவனம் ஒன்றுக்குத் தெளிவான ரசனை இருக்கும். அதன் ஒரு ஆல்பம் பிடித்தால் அடுத்ததும் பிடிப்பதற்கு வாய்ப்பு உண்டு. ப்ளூஸுக்கு 1971இல் சிகாகோவில் தொடங்கிய அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ், ப்ளூகிராஸுக்குப் பாஞ்சோ கலைஞர் அலிசன் பிரவுன் இணைந்து நிறுவிய நாஷ்வில்லின் காம்பஸ் ரெக்கார்ட்ஸ் ஆகியவை நம்பத்தகுந்தவை. ரவுண்டர் ரெக்கார்ட்ஸை 1970இல் தொடங்கிய மூவர், இப்போது டவுன் தி ரோடு ரெக்கார்ட்ஸ் என்ற புதிய நிறுவனத்தை நடத்துகிறார்கள். அலிசன் கிராஸும் யூனியன் ஸ்டேஷன் குழுவும் 14 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025 மார்ச்சில் தந்த ஆர்கேடியா ஆல்பம் அதன் வழியாகவே வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸை. மோசஸ் ஆஷ் 1948இல் நிறுவிய ஃபோக்வேஸ், அவர் மறைவுக்குப் பின் 1987இல் அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்றாலும் விற்காவிட்டாலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களில் ஒன்றுகூடச் சந்தையிலிருந்து நீக்கப்படக்கூடாது என்பது அந்த ஒப்படைப்பின் நிபந்தனை. இத்தகைய வாக்குறுதியை இசை வணிகத்தில் வேறெங்கும் காண்பது அரிது. 2016இல் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸின் ஆர்ஹூலி நிறுவனமும் இதனோடு சேர்ந்தது. ஃபோக்வேஸ் ஆல்பங்களுக்கான விரிவான குறிப்பேடுகளை அவர்களின் இணையதளத்திலிருந்து பணம் செலுத்தாமலே பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆல்பத்தை வாங்காதவரும் அந்தக் குறிப்பேடுகளைப் படித்தே ஆகவேண்டும்.

வாங்க முடிந்தவர்கள், கலைஞர்கள் தம் இசையைத் தாமே விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக வாங்குங்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி என்ற ஏற்பாட்டின்படி, அறிவிக்கப்படும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தளம் விற்பனையில் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடுகிறது. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி அந்த நாள் கணக்கிடப்படுவதால், இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்போருக்குக் கோடையில் வெள்ளி பகல் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும்தான் அது தொடங்குகிறது. காலையிலேயே அவசரப்பட்டு வாங்கினால் அந்தப் பங்கு கலைஞரைச் சேராது. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வட கரோலைனாவின் மேற்கு மலைப்பகுதியை வெள்ளத்தில் மூழ்கடித்தபோது, அடுத்த மாதமே நிவாரண நிதிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட தொகுப்பு ஒன்று இந்தத் தளத்தில்தான் வெளியானது. அந்த மலைப்பகுதி ஓல்டு டைம் இசையின் தாய்மண்களில் ஒன்று. அதற்குக் கலைஞர்கள் அத்தனை விரைவாகத் திரண்டது இந்தச் சமூகத்தின் இயல்பைக் காட்டுகிறது.

நான்காம் படி: ஆல்பத்தின் பின்னட்டையைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பாடலை எழுதியவர் யார், மரபுப்பாடல் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, அப்படியானால் யாரிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லப்பட்டிருக்கிறது, எங்கே பதிவானது, உடன் வாசித்தவர்கள் யார் யார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடுங்கள்.

2025 ஏப்ரலில் நோன்சச் நிறுவனம் வெளியிட்ட, பாஞ்சோக் கலைஞர் ரியனன் கிடன்ஸும் ஃபிடில் கலைஞர் ஜஸ்டின் ராபின்சனும் சேர்ந்து வாசித்த ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். கரிச்சான் காக்கையிடம் என்ன சொன்னது என்று கேட்கும் தலைப்பு அதற்கு. முதல் கேட்பில் அது இரு வாத்தியங்களின் எளிய வாசிப்பாகவே தோன்றும். பின்னணியில் சில்வண்டுகளும் பறவைகளும் ஒலிப்பதைக் கவனித்தபின்தான் எங்கே பதிவாகியிருக்கிறது என்ற கேள்வி எழும். விடை, வட கரோலைனாவில் திறந்தவெளியில் என்பது. ஜோ தாம்சன், எட்டா பேக்கர் ஆகிய இருவர் வாழ்ந்த வீடுகளும் அந்தப் பதிவிடங்களில் அடங்கும்.

இப்போது அந்த இரு பெயர்களைப் பின்தொடருங்கள். ஜோ தாம்சன் 1918 முதல் 2012 வரை வாழ்ந்தவர். மெபேன் என்னும் ஊரில், தம் உறவினர் ஓடெல் தாம்சனின் பாஞ்சோவோடு ஃபிடில் வாசித்துவந்த அவர், கறுப்பினத்தாரின் நாட்டிய இசை மரபை அறுபடாமல் கையில் வைத்திருந்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். 2005இல் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அதையொட்டிச் சந்தித்த கிடன்ஸ், ராபின்சன், டாம் ஃப்ளெமன்ஸ் ஆகிய மூவரும் தாம்சனின் வீட்டுக்குத் தொடர்ந்து சென்று கற்றார்கள். கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் குழு அங்கேதான் உருவாகி, 2011இல் கிராமி விருது பெற்றது. எட்டா பேக்கரோ பீட்மான்ட் பாணிக் கிட்டாரின் மேதை. 1956இல் தெற்கு அப்பலாச்சிய வாத்திய இசை பற்றிய ஒரு தொகுப்பில் அவர் வாசித்த சில பாடல்கள் மட்டுமே நெடுங்காலம் அவரை அறியச் செய்தன. 1991இல் அவருக்குத் தேசியக் கலை நிதியத்தின் மரபுக்கலைஞர் விருது கிடைத்தது.

இந்தத் தேடல் பாஞ்சோவின் தோற்றத்துக்கே உங்களை அழைத்துச் செல்லும். அந்த வாத்தியம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைகளில் அமெரிக்கக் கண்டத்தில் உருப்பெற்றது; சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, ஒரு குட்டைத் தந்தியைச் சுருதிபோல் ஒலிக்கவிடும் அமைப்பை மேற்கு ஆப்பிரிக்காவின் அகோன்டிங்கில் இன்றும் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டில் அது வெள்ளையரின் மலைநாட்டு வாத்தியம் என்றே பொதுமக்கள் நம்பும்படி ஆகிவிட்டது. 2024இல் பியான்சே வெளியிட்ட கன்ட்ரி சார்ந்த ஆல்பத்திலிருந்து முதலில் வெளிவந்த பாடல்களில் ஒன்றில் கிடன்ஸின் பாஞ்சோ ஒலித்ததும், 2025 ஏப்ரலில் டர்ஹம் நகரில் கிடன்ஸ் தொடங்கிய விழாவில் சாக்லேட் டிராப்ஸ் மீண்டும் ஒன்றுசேர்ந்ததும் அந்த நம்பிக்கையைத் திருத்தும் நீண்ட முயற்சியின் பகுதிகள். ஒரு ஆல்பத்தின் பின்னட்டையிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

ஆக்கியோன் பெயரைப் படிக்கும்போது எச்சரிக்கை ஒன்றும் தேவை. கார்ட்டர் குடும்பத்தின் பல பாடல்கள் ஏ. பி. கார்ட்டரின் பெயரில் பதிவாகியுள்ளன. ஆனால் அவற்றில் பலவற்றை அவர் ஊர் ஊராகச் சென்று சேகரித்தார். அந்தப் பயணங்களில் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் உடன் சென்று, கேட்ட மெட்டுகளை நினைவில் வைத்து வந்து கொடுத்தார். அட்டையில் இருக்கும் பெயர், சட்டப்படி உரிமை பெற்றவரின் பெயர் மட்டுமே.

எல்லா ஆல்பமும் இந்த அளவுக்கு விரியாது. ஜில்லியன் வெல்சும் டேவிட் ராலிங்ஸும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட உட்லேண்ட், நாஷ்வில்லில் அவர்களுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரைக் கொண்டது. 2020 மார்ச்சில் வீசிய சுழற்காற்று அந்தக் கூடத்தைச் சேதப்படுத்தியது என்று தெரிந்துகொண்டு கேட்டால் போதும். கென்டக்கியின் டைலர் சில்டர்ஸ் 2025 ஜூலையில் வெளியிட்ட ஆல்பத்தில் தீர்த்த யாத்ரா என்றே பெயரிட்ட பாடல் இருக்கிறது. நம் வாசகர்கள் அதை ஆர்வத்தோடு கேட்பார்கள்.

ஐந்தாம் படி: ஆண்டின் சுழற்சியை அறிந்துகொள்ளுங்கள்

நவம்பரில் கிராமிப் பரிந்துரைகள் அறிவிக்கப்படுகின்றன; பரிசளிப்பு பெரும்பாலும் பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கிறது. வென்றவரைக் காட்டிலும் பரிந்துரைப் பட்டியல்தான் நமக்கு வேண்டியது, ஏனெனில் அது ஆண்டின் நல்ல ஆல்பங்களைக் கிளைவாரியாகத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. 2025 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சியரா ஃபெரல் நான்கு விருதுகளை வென்றார். வெல்ச்–ராலிங்ஸ் இணையருக்கு நாட்டுப்புற ஆல்ப விருதும், பில்லி ஸ்ட்ரிங்ஸுக்கு ப்ளூகிராஸ் விருதும் கிடைத்தன. வட்டார வேரிசை என்ற பிரிவைத் தவறாமல் பாருங்கள். ஹவாய் இசை, பூர்வகுடிகளின் இசை, கேஜன்–ஸைடெகோ ஆகியவற்றுக்குத் தனித்தனியே இருந்த விருதுகளை நீக்கி இதற்குள் அடக்கியது நியாயமற்றது என்றே கருதுகிறேன்; ஆயினும் வேறு வழியில் கண்ணில் படாத கலைஞர்கள் இந்தப் பட்டியலில்தான் கிடைக்கிறார்கள்.

விழாக்களில் ஏப்ரல் இறுதியில் வரும் மெர்ல்ஃபெஸ்ட் முதன்மையானது. பார்வையற்ற மாபெரும் கிட்டார் கலைஞர் டாக் வாட்சன், விபத்தில் இறந்த தம் மகன் மெர்லின் நினைவாக 1988இல் வட கரோலைனாவின் வில்க்ஸ்பரோவில் தொடங்கியது அது. ஜூனில் கொலராடோ மலைகளில் டெல்யூரைடு ப்ளூகிராஸ் விழாவும், ஜூலையில் 1959 முதல் வரலாறு கொண்ட நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவும் நடக்கின்றன. செப்டம்பர்தான் மிக நெருக்கடியான மாதம்: நாஷ்வில்லில் அமெரிக்கானா விழா, பிரிஸ்டலில் இரு மாநிலங்களின் எல்லை நடுவே ஓடும் தெருவிலேயே நடக்கும் ரிதம் அண்ட் ரூட்ஸ், அதைச் சுற்றியே பன்னாட்டு ப்ளூகிராஸ் சங்கத்தின் ஆண்டுக் கூடுகை. அந்தக் கூடுகை 2013 முதல் வட கரோலைனாவின் ராலியில் நடந்து, 2025இல் டென்னசியின் சாட்டனூகாவுக்கு இடம் மாறியது. அக்டோபரில் ஆர்கன்சாவின் ஹெலினாவில் கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழாவும், சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி ப்ளூகிராஸும் வருகின்றன. பிந்தையதற்கு அனுமதிச்சீட்டே கிடையாது; வாரன் ஹெல்மன் என்ற செல்வந்தர் 2001இல் மக்களுக்குக் கொடையாகத் தொடங்கியது இன்றும் இலவசமாகவே நடக்கிறது, நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது.

இந்த விழாக்களின் கலைஞர் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடும். நேரில் செல்ல இயலாதவரும் அந்தப் பட்டியலை எடுத்து, பிற்பகலின் சிறிய மேடைகளில் வாசிக்கும் முன்பின் அறியாத பெயர்கள் மூன்றைக் குறித்துவைத்துக் கேளுங்கள். பெரிய மேடையின் பெயர்கள் தாமாகவே உங்களை வந்தடையும்.

ஆறாம் படி: வானொலி

1925 நவம்பர் 28ஆம் நாள் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் ஒரு முதிய ஃபிடில் கலைஞரின் வாசிப்போடு தொடங்கிய நிகழ்ச்சியே கிராண்ட் ஓல் ஆப்ரி. 2025இல் அது நூற்றாண்டைக் கொண்டாடியது. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியை இணையம் வழியே கேட்போருக்கு, அமெரிக்கக் கோடை நேரம் நடப்பில் உள்ள மார்ச் முதல் நவம்பர்த் தொடக்கம் வரை இந்திய, இலங்கை நேரப்படி ஞாயிறு காலை 5.30 மணி, மற்ற மாதங்களில் 6.30. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை எட்டு அல்லது ஒன்பது மணி. இன்றைய ஆப்ரியில் வணிகக் கன்ட்ரியும் நிறைய கலந்திருக்கும், பொறுமையோடு கேட்கவேண்டும். வேர் மட்டும் போதும் என்போர், நியூ ஆர்லியன்ஸிலிருந்து நிக் ஸ்பிட்சர் தொகுத்தளிக்கும் அமெரிக்கன் ரூட்ஸ் நிகழ்ச்சியையும், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து 1983 முதல் ஒலிபரப்பாகும் மவுண்டன் ஸ்டேஜையும் பிடித்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பழையவையும் புது வெளியீடுகளே

கலைஞர்களின் பிறப்பு நூற்றாண்டுகளைக் கவனியுங்கள். ஸைடெகோவின் அரசர் எனப்பட்ட கிளிஃப்டன் ஷெனியே 1925 ஜூன் 25இல் பிறந்தவர். அவருடைய நூற்றாண்டையொட்டி லூசியானாவின் வால்கூர் ரெக்கார்ட்ஸ் 2025 ஜூனில் வெளியிட்ட அஞ்சலித் தொகுப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் அவர் பாடலொன்றைப் பிரெஞ்சில் பாடியிருக்கிறது. அந்தத் தொகுப்பைக் கேட்டுவிட்டு ஷெனியேயின் ஆர்ஹூலிப் பதிவுகளுக்குச் செல்லுங்கள். பின்னவைதான் கையோடு தங்கும். உயிரோடு இருக்கும் மூத்தவர்களைத் தள்ளிப்போடவும் கூடாது: ப்ளூஸ் கலைஞர் பட்டி கை தம் 89ஆம் பிறந்தநாளான 2025 ஜூலை 30 அன்று புது ஆல்பம் வெளியிட்டார்.

ஜனவரி முதல் நாளும் ஒரு வெளியீட்டு நாளே. அமெரிக்காவில் 2018இல் நிறைவேறிய இசைச் சட்டத்தின்படி, 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் அனைத்தும் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. 1920இல் மாமி ஸ்மித் பாடி, கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் பதிவுகளுக்குப் பெருவாசலைத் திறந்துவிட்ட இசைத்தட்டும் அவற்றில் அடங்கும். 1923 முதல் 1946 வரையிலான பதிவுகள் வெளியாகி நூறாண்டு முடிந்தபின், ஆண்டுக்கொன்றாக விடுவிக்கப்படுகின்றன. அதாவது 1925இன் பதிவுகள் 2026 ஜனவரியிலும், பிரிஸ்டலில் பதிவாகி அந்த ஆண்டிலேயே வெளியான இசைத்தட்டுகள் 2028 ஜனவரியிலும் விடுபடும். ஒவ்வோர் ஆண்டின் விடுப்போடும் பழைய இசைத்தட்டுகளைத் தூய்மைப்படுத்தி மீண்டும் வெளியிடும் பணி பெருகும். அட்லாண்டாவின் டஸ்ட் டு டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் இந்தப் பணியைக் காதலோடு செய்பவை.

எட்டாம் படி: நேரில் செல்பவர்களுக்கு

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள், குறிப்பாக ராலி, டர்ஹம், ஷார்லட் பகுதிகளில் பணியாற்றுவோர், இந்த இசை பிறந்த மண்ணுக்குச் சில மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். பலர் அதை அறியாமலே இருக்கிறார்கள். வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப்பகுதிக்கு ஒரு வார இறுதியை ஒதுக்கினால் போதும். வெள்ளி மாலை ஃபிளாய்டு என்னும் சிற்றூரின் பலசரக்குக் கடையில் நடக்கும் நாட்டியக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். மறுநாள் பகலில் பிரிஸ்டலில் 2014இல் திறக்கப்பட்ட கன்ட்ரி இசைப் பிறப்பிட அருங்காட்சியகத்தைப் பாருங்கள். சனி இரவு, அங்கிருந்து அருகிலேயே உள்ள ஹில்டன்ஸில் கார்ட்டர் குடும்பத்தாரின் சொந்த மண்ணில் நடக்கும் கார்ட்டர் ஃபோல்டு நிகழ்ச்சிக்குச் செல்லுங்கள், 1970களில் ஏ. பி. கார்ட்டரின் மகள் ஜேனட் தொடங்கிய இந்த மேடையில் மின்சார வாத்தியங்களுக்கு இடமில்லை. ஆகஸ்டில் செல்பவர்கள் 1935 முதல் கேலக்ஸ் நகரில் நடக்கும் ஃபிடில் கலைஞர்கள் போட்டியைத் தேர்வு செய்யலாம். மேடையை விட, கூடாரங்களுக்கு இடையே விடியும்வரை நடக்கும் வட்டங்களில்தான் அங்கே நல்ல வாசிப்பு கிடைக்கும்.

அந்த வட்டங்களுக்கென்று சில நடைமுறைகள் உண்டு. உள்வட்டத்தில் வாசிப்பவர்களுக்கு இடம் விட்டு வெளியே நில்லுங்கள். ஓல்டு டைம் வட்டத்தில் எல்லோரும் சேர்ந்தே வாசிப்பார்கள். மெட்டைத் தொடங்கியவர் காலைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சுற்றோடு முடிகிறது என்று பொருள். ப்ளூகிராஸ் வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி வாசிப்பு முறை வைத்து வரும், வேண்டாம் என்றால் தலையசைத்துக் கடத்திவிடலாம். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். ஒரு மெட்டு பிடித்திருந்தால் அதன் பெயரையும், யாரிடம் கற்றது என்பதையும் வாசித்தவரிடமே கேளுங்கள்; வட்டத்தில் இருக்கும் மூத்தவர்கள் அந்தக் கேள்விக்கு நேரமெடுத்துப் பதில் சொல்வார்கள், அவர்கள் சொல்லும் பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.